பத்துமலையில் வேல் நாட்டிய பெருமகனார் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பகுத்த தமிழ் மரபு, அந்நிலத்திற்குரிய தெய்வமாகச் சேயோனாம் முருகப்பெருமானைப் போற்றியது. பழனி, திருத்தணிகை, சுவாமிமலை என உயர்ந்த இடங்களில் எழுந்தருளிய எம்பெருமானை, கடல் கடந்து வாழ வந்த தமிழர்களும் தாம் குடியேறிய நாடுகளின் குன்றுகளிலே கண்டு வழிபட்டனர். அவ்வாறு கண்ட குன்றுகளுள் உலகப் புகழ் பெற்றது மலேசியாவின் பத்துமலை.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சிங்கப்பூரிலிருந்தும் அன்பர்கள் பலர் பத்துமலைக்குப் பயணம் மேற்கொள்கின்றனர். பால்குடம் சுமந்தும் காவடி ஏந்தியும் 272 படிகளை ஏறுகின்றனர். அக்குகையில் முதன்முதலாக முருகனை எழுந்தருளச் செய்தவர் சிங்கப்பூரில் பிறந்து, சிங்கப்பூரில் கற்று, சிங்கப்பூரிலேயே இறைவனடி சேர்ந்த ஒரு தமிழர் என்பதை இவர்களுள் எல்லோரும் அறிவர் எனக் கூறுவதற்கில்லை. காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கை, ஆலயத் தொண்டில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்து போற்றத்தக்கதாகும்.

சிங்கப்பூரில் பிறப்பும் கல்வியும்

தம்புசாமிப் பிள்ளை 1850ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். காயாரோகணம் என்னும் பெயர் நாகப்பட்டினத்தில் கோயில் கொண்டருளும் சிவபெருமானின் திருநாமம். அவர் பெயரின் முதலெழுத்தாக விளங்கியதே அச்சிவநாமம்தான்.

அக்காலச் சிங்கப்பூர் ஒரு சிறிய துறைமுக நகரம். எனினும் தமிழரின் வழிபாட்டு வாழ்வு அங்கே முன்னரே வேரூன்றியிருந்தது. 1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் ஆலயம் 1827இல் தோன்றியது. சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயம் 1855ஆம் ஆண்டிலும், நகரத்தார் நிறுவிய தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் 1859ஆம் ஆண்டிலும் எழுந்தன. பின்னாளில் கேலாங் ஈஸ்ட் வட்டாரத்திற்கு இடம் மாறி, 1993இல் குடமுழுக்குக் கண்ட சிவன் ஆலயம் அந்நாளில் டோபி காட் பகுதியில் இருந்தது. சிறுவன் தம்புசாமி வளர்ந்த ஆண்டுகளும் சிங்கப்பூரின் இத்தொன்மையான ஆலயங்கள் உருப்பெற்ற ஆண்டுகளும் ஒன்றே.

தம்புசாமி கல்வி பயின்றது ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில். பிராஸ் பாசா சாலையில் அமைந்திருந்த அப்பள்ளி 1823ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆங்கிலக் கல்வி வாய்க்கப்பெற்ற தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலராக இருந்த காலம் அது. கல்வியை முடித்த பின், ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். எழுத்தரை அக்கால வழக்கில் கிராணியார் என்பர். அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை அந்த அலுவலகத்திலேயே அமைந்தது.

சிலாங்கூரில் அரசுப் பணி

சிலாங்கூர் மாநிலம் உள்நாட்டுப் போரால் நலிந்து, அமைதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், 1875ஆம் ஆண்டு டேவிட்சன் அம்மாநிலத்தின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டார். அவர் தம்முடன் அழைத்துச் சென்றவர்களுள் இருபத்தைந்து வயதுத் தம்புசாமியும் ஒருவர். டேவிட்சன் அடுத்த ஆண்டிலேயே அங்கிருந்து மாறிச் சென்றார். தம்புசாமியோ சிலாங்கூரிலேயே தங்கிவிட்டார்.

அரசாங்கத் தலைமையிடம் முதலில் கிள்ளானில் இருந்தது. 1880இல் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அந்நாளைய கோலாலம்பூர் கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில் அத்தாப்புக் குடில்களும் மண் சுவர் வீடுகளும் நெருங்கி நின்ற ஒரு சுரங்கக் குடியிருப்பாகும். 1881ஆம் ஆண்டு சனவரியில் நேர்ந்த தீயும் டிசம்பரில் பெருகிய வெள்ளமும் அதைச் சீரழித்தன. அதன் பின்னரே செங்கல்லும் ஓடும் கொண்ட நகரமாக அது எழுந்தது. அவ்வெழுச்சிக் காலம் முழுவதும் தம்புசாமிப் பிள்ளை அரசின் கருவூலத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். மாநிலப் பொருளாளர் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்று நடத்தும் வாய்ப்பும் அவருக்குப் பலமுறை கிட்டியது. ஆங்கிலேயர்களே உயர் பதவிகளை வகித்த ஆட்சியில், மாநிலத்தின் வரவு செலவு முழுவதையும் ஒரு தமிழரை நம்பி ஒப்படைத்தனர் எனில், அவருடைய நேர்மைக்கும் திறமைக்கும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இருப்புப்பாதை அமைத்தல் முதலிய பணிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டபோது, இந்தியாவிற்குச் சென்று தொழிலாளர்களை அழைத்துவரும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்த இருப்புப்பாதை 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. காடு வெட்டி, மண் சுமந்து, தண்டவாளம் பதித்து உழைத்தவர்களுள் தமிழர் பலர். ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கது. குறைந்த கூலி, ஓயாத உழைப்பு, காய்ச்சல், ஊரையும் உறவையும் பிரிந்த ஏக்கம் ஆகியவை அவர்களை வாட்டின. அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. தொழிலாளரை அழைத்து வந்த ஆட்சியின் அலுவலராகவே தம்புசாமிப் பிள்ளையும் இருந்தார் என்பதை வரலாறு மறைப்பதற்கில்லை. அதே மனிதர்தாம், ஊரை விட்டு வந்த அம்மக்கள் மனம் தேறி நிற்பதற்கு ஓர் அம்மன் சந்நிதியையும், ஏறிச் சென்று முறையிடுவதற்கு ஒரு முருகன் மலையையும் உருவாக்கித் தந்தார்.

வணிகமும் பொதுத் தொண்டும்

பிற்காலத்தில் அரசுப் பணியிலிருந்து விலகிய தம்புசாமிப் பிள்ளை, வணிகத்திலும் ஈயச் சுரங்கத் தொழிலிலும் ஈடுபட்டார். சீனத்திலிருந்து சிறுவனாகச் சிங்கப்பூர் வந்து, பின்னர் மலாயாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக உயர்ந்த லோக் இயூ அவருக்குக் கூட்டாளியானார். ராவாங்கில் இருவரும் நடத்திய சுரங்கத்தில் 1894ஆம் ஆண்டு மின்னாக்கி இயந்திரம் நிறுவப்பட்டது. மலாயாவில் சுரங்க நீரை மின்சாரத்தால் இயங்கும் குழாய்ப் பொறிகள் கொண்டு இறைத்தது அங்கேதான் முதன்முறை. அந்நாட்டின் மின்சார வரலாறு தொடங்கும் பக்கத்தில், ஒரு சீனர் பெயரும் ஒரு தமிழர் பெயரும் இணைந்தே காணப்படுகின்றன.

கல்விக்கும் அவர் துணை நின்றார். விக்டோரியா அரசியாரின் பொன்விழா நினைவாகத் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு, கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. எல்லா இனப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்பதற்கென எழுந்த அப்பள்ளிக்கு லோக் இயூ, சீனத் தலைவர் யாப் குவான் செங் ஆகியோருடன் தம்புசாமிப் பிள்ளையும் அறங்காவலராக விளங்கினார். தமிழர்கள் அவரைத் தம் தலைவராக மதித்தனர். ஆங்கில அதிகாரிகளும் அவரை நண்பராக நடத்தினர். கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய சாலை ஒன்று உண்டு.

மகாமாரியம்மன் ஆலயம்

கோலாலம்பூரில் இன்று துன் எச்.எஸ்.லீ சாலையில் விளங்கும் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம், 1873ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகப் போற்றி வருகிறது. அதன் நிறுவனராகப் போற்றப்படுபவர் தம்புசாமிப் பிள்ளை. முதலில் எளிய அத்தாப்புக் கூரையின் கீழ் இருந்த அம்மன், 1885ஆம் ஆண்டில் இப்போதுள்ள இடத்திற்கு எழுந்தருளினார். பின்னர் 1887இல் செங்கற் கட்டடம் உருவாயிற்று.

ஆலயம் எழுந்த இடம் நகரின் வணிகப் பகுதி. சீனர் கடைகளும் தமிழர் கடைகளும் அருகருகே இருந்தன. தமிழகத்தின் சிற்றூர்களில் மழைக்கும் நோய் நீக்கத்திற்கும் மாரியம்மனை வேண்டி நின்ற மக்கள், அம்மையும் காய்ச்சலும் மலிந்த புதிய நாட்டிலும் அத்தாயையே முதலில் நாடினர். அவ்வகையில் இது சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை ஆலயத்துடன் ஒப்பு நோக்கத்தக்கது. இரு நகரங்களிலும் தமிழரின் தொடக்ககாலத் திருக்கோயில் மாரியம்மனுக்கே அமைந்தது. இரண்டிற்கும் முன்னின்றவர், கல்வியும் செல்வாக்கும் பெற்ற ஒரு பிள்ளையே ஆவார்.

பத்துமலையில் வேல்

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுகிறது ஒரு சுண்ணாம்புப் பாறை மலை. இப்பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையானது என நிலவியலார் கணிக்கின்றனர். மலைக்கு அருகில் பாயும் ஆற்றின் பெயர் சுங்கை பத்து. மலாய் மொழியில் பத்து என்றால் கல். தமிழரின் செவியில் அச்சொல் எண்ணாகவும் ஒலித்ததால், பத்துமலை என்னும் பெயர் அவர்கள் நாவில் எளிதில் படிந்துவிட்டது.

அம்மலையின் குகைகளை அப்பகுதிப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1860களில் சீனர்கள் தம் தோட்டங்களுக்கு உரமிடுவதற்காக அங்கிருந்து வௌவால் எச்சத்தை எடுத்துச் சென்றனர். 1878ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் வந்து கண்ட பிறகு, குகைகளின் புகழ் வெளியுலகிற்குப் பரவியது. பழங்குடியினர் தங்குமிடமாகவும், உழவர் உரக்கிடங்காகவும், அறிஞர் ஆய்வுக்களமாகவும் கண்ட அம்மலையைத் தம்புசாமிப் பிள்ளை திருத்தலமாகக் கண்டார்.

பெருங்குகையின் வாயில் வேலின் வடிவில் அமைந்திருப்பதைக் கண்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அசுரரை அடக்குவதற்கு அன்னை பராசக்தி குமரனுக்கு அளித்த ஞானவேல், அந்நிய மண்ணின் மலையிலே இயற்கையாகவே பொறிக்கப்பட்டிருப்பதாக அவர் உணர்ந்தார். 1890-91ஆம் ஆண்டளவில் அக்குகையில் முருகப்பெருமானின் திருவுருவம் நிறுவப்பட்டது. 1892ஆம் ஆண்டு அங்கே முதல் தைப்பூசம் கொண்டாடப்பெற்றது.

அந்நாளில் முறையான படிகள் கிடையா. சுற்றிலும் காடு. ஏறத்தாழ 100 மீட்டர் உயரம் கொண்ட குகைக் கூரையின் திறப்புகள் வழியே விழும் வெளிச்சமே சந்நிதிக்கு ஒளி. அடியார்கள் மலைச்சரிவைப் பற்றி ஏறினர். சுரங்கத்தில் உழைத்தவரும், இருப்புப்பாதையில் கல் உடைத்தவரும், தோட்டங்களில் வேலை செய்தவரும் ஆண்டில் ஒரு நாள் அங்கே கூடினர். எந்த ஊர், எந்த முதலாளி, எவ்வளவு கூலி என்னும் கேள்விகள் அம்மலையின் அடிவாரத்தோடு நின்றன.

தைப்பூசத் திருவிழா

தை மாதத்தில் நிறைமதியும் பூச நட்சத்திரமும் கூடும் நன்னாள் தைப்பூசம். அன்னையிடம் முருகன் வேல் பெற்ற நாளாக அதைக் கொண்டாடுவது வழக்கம். காவடி எடுக்கும் மரபிற்கு இடும்பன் வரலாறு காரணமாகக் கூறப்படுகிறது. அகத்திய முனிவரின் ஆணையை ஏற்று, சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன், பழனியில் அவற்றை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க இயலாமல் நின்ற அவன், குமரனுடன் போரிட்டு வீழ்ந்து, பின் அவன் அருளால் உயிர்பெற்று, அம்மலைக்கே காவலனாயினான். ஆகவே காவடி என்பது மலையைச் சுமப்பதன் அடையாளம். மலையின் மேல் வீற்றிருப்பவனை நாடிச் செல்லும் அடியவர், தோளில் ஒரு மலையைச் சுமந்தே ஏறுகின்றனர்.

பத்துமலைத் தைப்பூசத்தின் தனிச்சிறப்பு, நகரையும் மலையையும் அது இணைப்பதாகும். விழாவையொட்டி வள்ளி தெய்வானை சமேதராக முருகப்பெருமான் கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து இரதத்தில் எழுந்தருளி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம் இரவெல்லாம் பவனி வந்து பத்துமலையை அடைகிறார். தாயின் ஆலயத்திலிருந்து பிள்ளை புறப்பட்டு மலைக்குச் சென்று, விழா முடிந்ததும் தாயிடமே திரும்புவது போன்ற இவ்வமைப்பு, இரு கோயில்களும் ஒருவர் கையால் தோன்றியதன் பயனாக வாய்த்தது. வழியெங்கும் மக்கள் அருச்சனைத் தட்டுடன் காத்து நிற்பர். தேங்காய்கள் குவியலாக உடைபடும். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் வழங்கப்படும்.

அடியார்கள் பல நாள் விரதம் காத்து, ஆற்றில் நீராடி, பால்குடமும் காவடியும் ஏந்திப் படியேறுவர். கந்தர் சஷ்டி முதலிய முருகனுக்குரிய பிற திருநாள்களிலும் மலையில் சிறப்பு வழிபாடுகள் உண்டு. எனினும் உலகின் பார்வையைப் பத்துமலை நோக்கித் திருப்புவது தைப்பூசமே. விழா நாள்களில் அங்கே கூடுவோர் தொகை பத்து லட்சத்தைக் கடப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இந்துக்களுடன் சீனர்களும் நேர்த்திக்கடன் செலுத்துவது அங்கே காணும் காட்சி.

மறைவும் வளர்ச்சியும்

தம்புசாமிப் பிள்ளை 1902ஆம் ஆண்டு, தாம் பிறந்த சிங்கப்பூரிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு அளவே. பத்துமலையில் ஏறத்தாழப் பத்துத் தைப்பூசங்களையே அவர் காண முடிந்தது. மலைக்குப் படி அமைந்ததை அவர் காணவில்லை. மரப்படிகள் 1920ஆம் ஆண்டில்தான் அமைக்கப்பட்டன. அவற்றின் இடத்தைப் பின்னர் 272 காங்கிரீட் படிகள் பெற்றன.

அவர் மறைவிற்குப் பின் நிகழ்ந்த ஒரு மாற்றம் படிகளினும் முதன்மையானது. மகாமாரியம்மன் ஆலயம் தொடக்கத்தில் பிள்ளை குடும்பத்தாரின் ஆலயமாகவே நடந்து வந்தது. 1920களின் இறுதியில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, காலப்போக்கில் அறங்காவலர் குழுவின் நிர்வாகத்திற்கு வந்தது. ஒரு குடும்பத்தின் உரிமையாக இருந்தது ஒரு சமூகத்தின் பொறுப்பாயிற்று. மகாமாரியம்மன் ஆலயம், பத்துமலை முருகன் ஆலயம், கோர்ட்டுமலைப் பிள்ளையார் ஆலயம் ஆகிய மூன்றும் ஒரே தேவஸ்தானத்தின் கீழ் இயங்கலாயின. பழைய கட்டடம் அகற்றப்பட்டு, மகாமாரியம்மனுக்குப் புதிய ஆலயம் 1968இல் உருவாகி, 1973இல் குடமுழுக்குக் கண்டது.

இம்மாற்றம் நிகழாதிருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணிப் பார்ப்பது நலம். ஒரு குடும்பத்தின் செல்வம் தலைமுறைதோறும் ஏறும், இறங்கும். அச்செல்வத்தை மட்டுமே நம்பி நிற்கும் ஆலயமும் அதனுடன் சேர்ந்தே இறங்கும். தம்புசாமிப் பிள்ளையின் ராவாங் சுரங்கம் இன்று வரலாற்று நூல்களில் மட்டுமே உள்ளது. அவர் நாட்டிய வேலோ நாள்தோறும் அபிஷேகம் காண்கிறது. அதற்கு அவருடைய செல்வம் தொடக்கமாக அமைந்தது. அச்சந்நிதியைத் தமதென்று எண்ணிய எண்ணற்ற எளியவர்களின் காணிக்கையும் உழைப்புமே அதை நிலைபெறச் செய்தன.

2006ஆம் ஆண்டு சனவரித் திங்களில், படிகளின் அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் திருவுருவம் திறந்து வைக்கப்பட்டது. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசத்தில் 2008ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் பொது விடுமுறையாயிற்று. 2010இல் பத்துமலைக்கு மின்தொடர்வண்டிச் சேவை நீட்டிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் படிகள் பல வண்ணம் பெற்றன. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாகக் காவடிகள் இன்றி இரதம் மட்டுமே சென்றபோதும் மரபு அறுபடவில்லை.

ஆலயத் தொண்டர்க்கு ஒரு பாடம்

தம்புசாமிப் பிள்ளை துறவியோ புலவரோ அல்லர். அலுவலகத்தில் கணக்கெழுதிய ஓர் அரசு ஊழியர். பின்னர் பொருளீட்டிய ஒரு வணிகர். நம்மைப் போன்று உலகியல் வாழ்வில் இருந்தவர். தமக்குக் கிடைத்த கல்வியையும் பதவியையும் செல்வாக்கையும் தம் மக்களின் வழிபாட்டிற்கு இடம் தேடித் தருவதில் அவர் பயன்படுத்தினார். ஆலயப் பணிக்கு வேண்டிய தகுதிகளுள் இதுவும் ஒன்று என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

ஆலய நிர்வாகத்தில் பொறுப்பேற்போர் வருவர், செல்வர். நன்கொடையாளர் பெயர்கள் கல்வெட்டில் ஏறும், காலத்தால் மங்கும். நாம் கட்டும் ஒவ்வொன்றையும் நமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைக்கவே கட்டுகிறோம் என்னும் எண்ணம் இருப்பின், ஆலயமும் வளரும், சமூகமும் வளரும். சிங்கப்பூரின் ஆலயங்கள் பல நகர வளர்ச்சிக்காக இடம் மாறியபோதும் ஒளி குன்றாது விளங்குவது, அன்பர்கள் அவற்றைத் தம் சொந்த இல்லமாக எண்ணியதால் அன்றோ?

அடுத்த முறை பத்துமலைப் படிகளை ஏறும் சிங்கப்பூர் அன்பர்கள், குகை வாயிலை ஒரு கணம் நிமிர்ந்து நோக்குவார்களாக. படியற்ற அம்மலையில் முதலில் ஏறியவர்களையும், வேலைக் கண்டு வேலவனை எழுந்தருளச் செய்த சிங்கப்பூர்த் தமிழரையும் நன்றியுடன் நினைந்து வழிபடுவார்களாக. வேலேந்திய எம்பெருமான் திருவருள் அடியார் அனைவர்க்கும் கிடைப்பதாகுக.